இட்லி தின்ற நண்டு

"12-5-97, திங்கள். நண்டு எண் 4. முதுகு பழுப்பு. ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. கால் முழுவதும் முடி. கொடுக்கு நுனி கறுப்பு(?). இட்லி சாப்பிட்டது. முடிவு: சாது."

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில், நீல மையில், என் பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில் இருக்கிறது இந்தக் குறிப்பு. கடைசி ஒரு சொல் மட்டும் பச்சை மை. அது என் அத்திம்பேர் எழுதியது. என் அப்பாவின் அக்காவை மணந்தவர். அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்த காலம் அது. அவர் வீட்டுக்கும் அந்தப் பேனாவைக் கொண்டுவந்துவிடுவார்.

நம் வயதுக்காரர்கள் தொண்ணூறுகளைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சர்க்கரை தூவிவிடுகிறோம். வாடகை சைக்கிள், கேபிள் டிவிக்காரன், குழாயடி, ஒலிநாடாவைப் பென்சிலால் சுற்றியது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் 1997 கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குமட்டல். தொண்டைக்குக் கீழே உப்பாக ஏதோ நிற்பதுபோல் இருக்கும். அதை அப்படியே எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

அந்த ஏப்ரல் கடைசியில் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. அங்கே வீடும் பள்ளியும் பார்த்த பிறகு என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, மயிலாப்பூரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் போனார்கள். மாட வீதிக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. அத்திம்பேர் அண்ணா சாலையில் ஓர் அரசு அலுவலகத்தில் தணிக்கை அதிகாரி. அதற்கு முந்தைய வருடம் அலுவலக வேலையாக லட்சத்தீவு போனவர், அங்கே அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றப்பட்டு, பவளப்பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லை. தங்கமீன் வளர்ப்பவர்களை அவர் குழந்தைகள் என்று சொன்னார். கூடத்தில் நான்கடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் போய், இரண்டு கேன்களில் கடல்நீர் கொண்டுவருவார். அதை மாடிக்குத் தூக்கி வருவது வீட்டு வேலைக்கு வந்த அக்கா.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அடையாறு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து வருவார். அத்தை வீட்டில் எட்டு வருடமாக வேலை. அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகள். அவர் எதிரில் இல்லாதபோது அந்த வீட்டில் எல்லோரும் அவரை அவள், இவள் என்றுதான் பேசினார்கள். நோட்டில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

தொட்டிக்கு அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாமிசம் எதுவும் உள்ளே வரக்கூடாது. இறால் துண்டோ புழுவோ மீன்களுக்குப் போடக்கூடாது. வெங்காயமே கிழமை பார்த்து நுழைகிற வீடு அது. அதனால் டப்பாவில் வரும், செதில்போல உலர்ந்த தீனி மட்டும். அந்த டப்பா சுவாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில், சாம்பிராணிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தீனியில் முதல் சரக்கே அரைத்த மீன்தான் என்று அதே டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருந்தது எனக்குத் தெரிய பத்து வருடம் ஆனது. அத்தைக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

மே முதல் வாரத்தில் கற்கள் வந்தன. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகள். ஆழ்வார்பேட்டையில் இருந்த ஒரு மீன் கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். இன்று அப்படிப் பவளக்கல்லைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அன்று ரயிலில் தெர்மாகோல் பெட்டியில், ஈரச் செய்தித்தாள் சுற்றி வந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தார் அத்திம்பேர். அத்தை சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவர் மாலை வரை திரும்பவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். முட்டையையே பார்க்காமல் வளர்ந்த எனக்கு அது என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. அதோடு துருவும், மூன்று நாள் ஊறிய தரைத் துணியும் சேர்ந்த வாடை. தலைமுடியில் ஏறியது. மறுநாள் தயிர்சாதத்தில் இருந்தது.

கற்களைக் குளியலறையில் வாளியில் போட்டு அலசினோம். அவற்றிலிருந்து விழுந்தவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல விரும்பவில்லை. பக்கவாட்டில் வெள்ளை முடி வைத்த ஒரு புழு, விரல் நீளம், ஆரஞ்சு நிறம். தொட்டால் கோழையாக நீளும் ஒன்று. ஓட்டைகளுக்குள்ளே எதுவோ நடக்கும் சத்தம். கல்லைக் காதில் வைத்தால் அது கேட்கும். உள்ளே யாரோ நகம் வெட்டுவதுபோல. அத்தை இரண்டு நாள் அந்தக் குளியலறையில் கால் வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த குழாயடியில் விடியும் முன்பே குளித்துவிட்டு வந்தார்.

இப்படிக் கல்லோடு ஒட்டி வருபவற்றில் நண்டுதான் முக்கியம் என்றார் அத்திம்பேர். சில நண்டுகள் பாசி தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும். சில, கூட இருப்பதையே தின்றுவிடும். எது எது என்று கண்டுபிடித்துப் பதிவு செய்வது என் வேலை. எங்கோ ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து நான்கு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தார். கையெழுத்துகளை ஒப்பிட அவர் அலுவலகத்தில் வைத்திருந்த பூதக்கண்ணாடியும் வீட்டுக்கு வந்தது. காலியான தேன் பாட்டில் ஒன்று, தென்னங்குச்சி ஒன்று. இந்தச் சாமான்களில் இன்று என்னிடம் எதுவும் இல்லை.

அந்த ஜெராக்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடுக்கு கரண்டிபோலக் குழிந்திருந்தால் பாசி தின்பது, ஊசியாக இருந்தால் மாமிசம் தின்பது, கொடுக்கு நுனி கறுத்தும் கால்களில் முடியும் இருந்தால் கவனமாக இருக்க வேண்டியது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் படங்கள். ஆனால் மை கொட்டிய ஜெராக்ஸ்; படத்தில் எல்லா நண்டுக்கும் கொடுக்கு கறுப்பு. உடம்பும் கறுப்பு. அதனால்தான் என் குறிப்பில் அந்தக் கேள்விக்குறி.

முதல் மூன்று நண்டுகள் சுலபம். ஒன்று சங்குக்குள் குடியிருந்தது. இன்னொன்று தட்டையாக, கொசு அளவில், வாய்ப்பக்கத்தில் இரண்டு விசிறிகளை விரித்து நீரை வடித்துத் தின்றது. மூன்றாவது வந்த அன்றே செத்துவிட்டது. நான்காவது ஒரு பெரிய கல்லின் பொந்துக்குள் இருந்தது. நாலைந்து நாள் காலின் முடி மட்டும் தெரிந்தது. அது என்ன தின்னும் என்று பார்க்காமல் முடிவு எழுத முடியாது. இறாலோ மீனோ வைத்துப் பார்க்கலாம் என்று ஜெராக்ஸ் சொன்னது. அந்த வீட்டில் அதற்கு வழியில்லை. எலிப்பொறிக்கு வடை வைக்கிற வீட்டில் என்ன தோன்றுமோ அதுதான் எங்களுக்கும் தோன்றியது.

மே 12 காலை, இட்லி. ஒரு விள்ளலைத் தென்னங்குச்சியில் குத்தி அத்திம்பேர் பொந்தின் வாயில் நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு கொடுக்குகள் வந்து, இட்லியைப் பிடித்து, உள்ளே இழுத்துக்கொண்டன. அத்திம்பேர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சமையலறையைப் பார்த்து, நம்மாத்து நண்டு இட்லி சாப்பிடறது, வந்து பார் என்று கூப்பிட்டார். அத்தை வரவில்லை. சட்னி வேணுமான்னு கேளுங்கோ என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

அக்கா அப்போது கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, கண்ணாடிக்கு மூக்கு படும்படி பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சாமி, இத்தப் போயி வச்சிக்கினு கீறீங்க. கல்லு நண்டு இது. கொடுக்குல கருப்பு பாருங்க, காலெல்லாம் மயிரு. எங்காளுங்க வலையில மாட்டிச்சின்னாகூட தூக்கிக் கடாசிருவாங்க. இது இருந்தா உங்க மீனு ஒண்ணு தங்காது."

அத்திம்பேர் சிரித்தார். "நீ குழம்பு வைக்கற நண்டு உனக்குத் தெரியும். இது வேற."

"கொயம்புக்கு ஆவாதுன்றதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அக்கா, துணியை எடுத்துக்கொண்டே.

அதற்கும் அத்திம்பேர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அத்திம்பேர் நோட்டை வாங்கி, நான் காலியாக விட்டிருந்த இடத்தில் பச்சை மையில் முடிவை எழுதினார்.

தொட்டியில் எட்டு மீன்கள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டவை மூன்று. விரல் நீளம்கூட இல்லாத நீல மீன்கள் ஐந்து. அத்திம்பேர் அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் எண்ணுவார். மே 16 அன்று ஏழு. 20-ல் ஆறு. 23-ல் ஐந்து. 27-ல் நான்கு. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று சோபாவை நகர்த்தித் தேடினோம். அத்தை அலமாரிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தார். ஒரு செதில்கூட இல்லை. செத்து மிதந்தால் ஒரு கணக்கு. உடம்பே இல்லாமல் காணாமல் போனால் அது வேறு கணக்கு என்றார் அத்திம்பேர்.

இருபத்தேழு வருடம் தணிக்கை செய்தவர். சரக்கு குறைந்தால் சாவி யாரிடம் இருந்தது என்று பார்ப்பது அவர் தொழில். தொட்டியில் கை வைப்பது யார்? கடல்நீரை மாடிக்குக் கொண்டுவருவது, பழைய நீரை வாளியில் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது அக்கா. ஒரு மீன் தங்காது என்று முன்கூட்டிச் சொன்னதும் அவர். இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும் என்று அத்திம்பேர் நினைத்தார். மீன் கடைகளில் அந்த நீல மீனுக்கு நல்ல கிராக்கி என்றும் அத்தையிடம் சொன்னார். இட்லி தின்ற நண்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் சாப்பாட்டைச் சாப்பிட்டது அல்லவா.

மே 28, புதன்கிழமை. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்து, அக்காவை எதிரில் நிற்க வைத்தார். அத்தை சமையலறை நிலைப்படியில். நான் தொட்டிக்குப் பக்கத்தில், நோட்டோடு. நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மீன் தங்காது என்று பன்னிரண்டாம் தேதியே எப்படித் தெரியும் என்று கேட்டார். நண்டுதான் சாமி, அன்னிக்கே சொன்னேனே என்றார் அக்கா.

"நண்டு இட்லி திங்கறது. நான் கண்ணால பார்த்தேன். கொழந்தை எழுதி வச்சிருக்கா."

"பசிச்சா நானுந்தான் உங்க வூட்ல மிச்சமான சாம்பார் சோறு துண்றேன். அதுக்காக வூட்டுக்குப் போயி மீனு துண்ணாம கீறனா?"

"பார், மீன் திங்கறேன்னு அவ வாயாலயே சொல்றா" என்று அத்திம்பேர் அத்தையைப் பார்த்துச் சொன்னார். இதை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே சொன்னார்.

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருந்தேன். கண்ணாடிக்கு மூக்கு படக் குனிந்து நண்டைப் பார்த்தபோது. "கட்ட வெரலு சைசு மீனு. இத்த வச்சி நான் இன்னா செய்றது, கண்ணுக்கு மையிடவா?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லி அத்திம்பேர் எழுந்தார். அக்கா கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நிலைப்படிப் பக்கம் திரும்பி, குரலை இறக்கிக்கொண்டு அத்தையிடம் சொன்னார்.

"நிறுத்துறதுன்னா நிறுத்திக்க மாமி, பரவால்ல. திருடின்னு மட்டும் வெளிய சொல்லாத. இந்தத் தெருவுல எனக்கு இன்னும் மூணு வூடு கீது."

அத்தை தலையசைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை அந்த வாக்கைக் காப்பாற்றினார். திருடி என்று யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாமி, ஏன் நிறுத்திட்டேள் என்று கேட்டபோது, அத்தை தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம், அதைப் பத்திப் பேசாதேங்கோ என்றார். கீழ்வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் மூன்று வீட்டிலும் வேறு ஆள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. எட்டு வருடத்தை அழிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை அன்று நான் கணக்கிடவில்லை.

ஜூன் 3, செவ்வாய். மத்தியானம் மின்சாரம் போயிற்று. வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்ததால் கூடம் இருண்டுவிட்டது. காற்றுக் குமிழிகள் விடும் மோட்டார் நின்றது. அந்தச் சத்தம் நின்றபோதுதான் அது அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அத்தை தரையில் ஈரத் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மீன்கள் காற்று இல்லாமல் சோர்ந்து கற்களை ஒட்டி இறங்கி நின்றன.

அது வெளியே வந்தது. முழுதாக அப்போதுதான் பார்த்தேன். நாணயத்தைவிடப் பெரிது என்று மட்டும் எழுதியிருந்தேன்; என் உள்ளங்கை அளவு இருந்தது. கால்முடியில் சேறு அப்பியிருந்தது. பக்கவாட்டில் நடந்து வந்து, கடைசி நீல மீனை வயிற்றில் பிடித்தது. கொடுக்கு நுனி கறுப்பு. இப்போது கேள்விக்குறி தேவைப்படவில்லை. மீன் துடிக்கவில்லை. செவுள் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நண்டு ஒரு கொடுக்கால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கொடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனது. அவசரமே இல்லை. அத்திம்பேர் இட்லி சாப்பிடுவது போலவே இருந்தது. செவுள் அப்போதும் மூடித் திறந்தது. கண் முழுதாக இருந்தது. கடைசியில் கண்ணையும் எடுத்தது.

அத்தையை எழுப்பினேன். எழுந்து வந்து பார்த்தார். சமையலறைக்குப் போக முடியாமல் கூடத்துத் தரையிலேயே வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வாய் கொப்பளித்துவிட்டு அத்தை, ஐயோ, அவ சொன்னாளே என்றார். தனக்கே சொல்லிக்கொண்டார்.

மாலையில் அத்திம்பேர் வந்ததும் அத்தையே சொன்னார். அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம், எதிர்வீட்டிலும் சொல்லிவிடலாம் என்றார். அத்திம்பேர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இது ஒண்ணைத் தின்னதைத்தானே பார்த்தேள். அதனால மத்த நாலை அவ எடுக்கலேன்னு ஆயிடுமா? இப்போ கூப்பிட்டா நாம தப்புன்னு ஆயிடும்."

நாம் என்று சொல்லி அத்தையையும் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். அத்தை சமையலறைக்குப் போய்விட்டார். நோட்டை நான் கையில் வைத்திருந்தேன். அந்த நோட்டில் இருந்த முடிவு தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். அதை எழுதியது அவர்தான் என்றாலும் நோட்டு என்னுடையது. சொல்லவில்லை. சொன்னால் பூதக்கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்வார் என்று பயம். காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

மறுநாள் கல்லை வெளியே எடுத்து வாளியில் குழாய்நீரில் வைத்தார். உப்பு இல்லாத நீர் பிடிக்காமல் சில நிமிடத்தில் நண்டு வெளியே வந்துவிட்டது. பொந்தில் குச்சியை விட்டுக் கிளறியபோது மெல்லிய முட்கள் விழுந்தன. ஒரு சின்னத் தாடை, நகக்கண் அளவு. எத்தனை மீனுடையவை என்று பிரித்து எண்ண முடியவில்லை. கடல்லேர்ந்து வந்த கல்லுதானே, பழசா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அத்திம்பேர் வாளித் தண்ணீரைக் கொட்டினார். நோட்டை வாங்கி, எண் 4-க்கு எதிரே, "நிர்வாக நலன் கருதி அகற்றப்பட்டது" என்று பச்சை மையில் எழுதினார்.

நண்டை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கொல்வது என்ற பேச்சே இல்லை. ஒரு ஜீவன், பாவம், அதன் சுபாவத்தை அது செய்தது என்றார். ஞாயிறு வரை தனி வாளியில் கடல்நீரில் வைத்துக் காப்பாற்றினார். கருணையோடு இரண்டு வேளை இட்லியும் போட்டார், அது தொடவில்லை. இட்லி நீரில் ஊறி, வெள்ளையாக நூல்விட்டு, வாளியே புளித்து நாறியது. ஜூன் 8 காலை, தேன் பாட்டிலில் கடல்நீர் விட்டு, மூடியில் காற்று போக ஓட்டை போட்டு, நண்டை அதில் இறக்கினார். என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வழி முழுதும், குலுங்காமப் பிடிச்சுக்கோ, அதுக்கு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முழங்கால்களுக்கு நடுவில் அது கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பெசன்ட் நகரில் முழங்கால் ஆழம் வரை வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, அலை இல்லாத நேரம் பார்த்துப் பாட்டிலைச் சாய்த்தார். கை கூப்பினார் என்றுகூட நினைவு. அதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

திரும்பும்போது அடையாறு பாலத்துக்கு முன்னால், ஓரத்தில் தண்ணீர் லாரி நின்று பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக. பெண்கள் ஒரே கூச்சல். ஸ்கூட்டர் நின்றுவிட்டது. வரிசையில் மூன்றாவதாக அக்கா. இடுப்பில் ஒரு குடம், காலடியில் இரண்டு. எங்களைப் பார்த்துவிட்டார். அத்திம்பேர் நேர் எதிரே லாரியின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கூட்டருக்குப் பக்கவாட்டில் வந்து என்னிடம் கேட்டார்.

"இன்னா பாப்பா, மீனுங்கல்லாம் கீதா?"

ஆரஞ்சு மீன்கள் மூன்றும் இருந்தன. நண்டைப் பிடித்ததிலிருந்து ஒன்றும் குறையவில்லை.

"இருக்கு அக்கா" என்றேன்.

உண்மைதான். தேதி, எண்ணிக்கை எல்லாம் சரி. ஆனால் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று பாலத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு மீன் குறையவில்லை என்று நான் சொல்லியிருந்தேன். அத்திம்பேருக்குத் தேவைப்பட்ட சாட்சியத்தை நடுத்தெருவில் நான் சொல்லிவிட்டேன். அக்கா என் மடியில் இருந்த காலிப் பாட்டிலைப் பார்த்தார். மூடியில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். வரிசையில் அவர் இடத்துக்கு வேறு ஒரு பெண் குடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏய், இன்னாடி என்று குரல் கொடுத்தபடி திரும்பிப் போனார். லாரி கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. கையில் அந்தப் பாட்டிலின் நாற்றம் பள்ளி திறக்கும் வரை இருந்தது. சோப்பு, சீயக்காய், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுப் பார்த்தேன்.

ஜூலையில் நாக்பூர் போய்விட்டேன். தீபாவளிக்குள் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அத்தை கடிதம் எழுதினார். தொட்டியை யாருக்கோ கொடுத்தார்கள். அத்திம்பேர் இறந்து பல வருடமாகிறது. அந்த ஆற்றோரக் குடிசைகளை அகற்றி, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே எங்கெங்கோ குடியமர்த்தினார்கள். அக்கா எங்கே போனார் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. அவர் பெயரை வைத்துத் தேடிப் பார்த்தேன். முழுப் பெயரே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அத்தைக்கு எண்பது கடந்துவிட்டது. போன தை மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, நான் எதுவும் கேட்காமல் அவராகவே ஆரம்பித்தார். நான் நாக்பூர் போன மறுவாரமே, அத்திம்பேருக்குத் தெரியாமல், ஆட்டோ வைத்துக்கொண்டு ஆற்றோரத்துக்குப் போனாராம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். நண்டுதான் தின்றது, எங்கள் தப்பு, மூன்று வீட்டிலும் நானே வந்து சொல்கிறேன் என்று சொன்னாராம். அக்கா வேலைக்குத் திரும்பி வரமாட்டேன் என்றாராம்.

"அட போ மாமி, அத்த நான் அன்னிக்கே சொன்னனே. இப்ப வந்து எனக்கே சொல்றியே" என்று சொன்னதாக, அக்காவின் குரலிலேயே அத்தை சொல்லிக் காட்டினார். பிறகு வெயிலில் வந்தவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாராம். அத்தை வாங்கிக் குடித்தாராம்.

சரிபார்க்க முயன்றேன். அந்த மூன்று வீட்டுக்காரர்களில் இப்போது இருப்பவர் எதிர்வீட்டு மாமி மட்டும். அத்தை வந்து அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்கிறார். ஆனால் அவருக்கு அக்காவையே நினைவில்லை. அத்தை தனியாக ஆட்டோவில் போனதை அந்தக் கோடையில் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. தன் வீட்டைத் தவிர வேறெங்கும் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கூஜாவோடுதான் வருவார். அத்தை அன்று அங்கே போனாரா, அந்தத் தண்ணீரைக் குடித்தாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.